முப்பத்தேழாம் நம்பர் கால்

ஹெலனிடம் சொத்து என்று இருந்தது அவளுடைய இரண்டு கால்கள்தான். அவற்றை அழகான கால்கள் என்று யாரும் சொன்னதில்லை. பெருவிரல் கொஞ்சம் திமிராக மேலே பார்க்கும். ஆனால் ஆம்பூரில் காலின் அழகை யார் பார்க்கிறார்கள், அளவைத்தான் பார்க்கிறார்கள். பெண்களுக்கான ஷூ எந்த ஃபேக்டரியில் புதிதாக உருவானாலும் முதல் ஜோடியை, அதாவது சாம்பிளை, முப்பத்தேழாம் நம்பரில்தான் தைப்பார்கள். ஹெலனின் கால் முப்பத்தேழு. ஊரில் ஆயிரம் பேருக்கு முப்பத்தேழு இருக்கும். இவளுக்கோ நீளம், அகலம், மேற்பாதத்தின் உயரம் என்று எல்லாமே அளவுப் பட்டியலோடு இம்மி பிசகாமல் பொருந்தின.

இதைக் கண்டுபிடித்தவள் அவள் அம்மா மரியம்மாள். பதினான்கு வருடமாக ஒரே ஷூ ஃபேக்டரியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், பை வைத்த கையோடு டேப்பை எடுத்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த மகளின் காலைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாம்மா பண்றே? கூசுது."

"சும்மா இருடி. ஃபேக்டரில வேர் ட்ரயலுக்குக் கால் தேடறாங்க. மணிக்கு நாப்பத்தஞ்சு ரூபா."

வேர் ட்ரயல் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. புது ஷூவை ஒருவர் காலில் மாட்டி நூறு மணி நேரம் நடக்கவிடுவார்கள். கடிக்கிறதா, வழுக்குகிறதா, பிளக்கிறதா என்று அவர் ஒரு டைரியில் தினமும் எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆயிரக்கணக்கில் தைக்க உத்தரவு போகும். ஹெலன் மனக்கணக்குப் போட்டாள். நூறு மணி நேரம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதைக் கேட்டதும் கூச்சம் போய், மற்ற காலையும் தானே நீட்டினாள்.

நாலாயிரத்து ஐந்நூறு என்பது அவளுக்குச் சாதாரண எண் இல்லை. மைசூரின் விலை அது.

ஹெலன் வேலூரில் பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். காலையில் ஆம்பூரில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பஸ். கூட வருபவள் சஹர், பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. வகுப்புத் தோழிகள் இன்னும் இரண்டு பேர் வழியில் பச்சகுப்பத்தில் ஏறுவார்கள். அங்கிருந்து காட்பாடி வரை இந்த நால்வர் பேசும் பேச்சில் உலகத்துப் பொருளாதாரம் முழுக்க அடங்கிவிடும். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் ஆயிரம் ரூபாய் சீசன் டிக்கெட்டுக்கும் ரீசார்ஜுக்கும் போய், கடைசியில் ஒரு பானிபூரிக்கு மட்டும் மிச்சம் வைப்பது ஏன்? தியேட்டரில் டிக்கெட்டைவிடப் பாப்கார்ன் விலை ஜாஸ்தியாக இருந்தால், பாப்கார்ன் வாங்கினால் படம் இலவசம் என்றல்லவா போர்டு வைக்க வேண்டும்? வங்கித் தேர்வு எழுதுவதா, குரூப் ஃபோர் எழுதுவதா, பெங்களூரில் கால் சென்டருக்குப் போய் முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவதா? இதில் எதற்கும் முடிவு கிடைத்ததில்லை. காட்பாடி வந்துவிடும்.

பயணம் என்ற விஷயத்தில் மட்டும் ஹெலனுக்குத் தனியாக ஒரு மனக்குறை உண்டு. ஆம்பூர் வழியாக ஒரு நாளைக்கு எத்தனையோ ரயில்கள் பறக்கின்றன. நிற்காமல் போகிற வண்டிகள்தான் நல்ல நல்ல ஊர்களுக்குப் போகின்றன என்பது அவள் கண்டுபிடிப்பு. அப்பா ஜான்சன் பேரணாம்பட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள், இரண்டு கல்யாணங்களுக்குச் சென்னை போயிருக்கிறாள். இருபது வயதில், தான் ஆசைப்பட்ட ஊருக்குத் தன் காசில் போனதே இல்லை. கல்லூரி முடியப்போகிறது, அதற்குப்பின் ஆளுக்கொரு மூலை. அதனால் நால்வரும் மைசூர் போவதென்று முடிவாகியிருந்தது. பெங்களூர் வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று, இரண்டு இரவு தங்கல், அரண்மனை, மலை, மிருகக்காட்சி சாலை. தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு. மற்ற மூவரும் பணத்தைத் தேற்றிவிட்டார்கள். ஹெலன் மட்டும்தான் பாக்கி.

ஃபேக்டரியில் புது மாடல்களுக்குப் பொறுப்பாளர் ஷபீ அஹமது. ஐம்பது வயது இருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே பேசுவார். தொழில் அப்படி. ஹெலனிடம் கறுப்பு நிற லேஸ் ஷூ ஒன்றைக் கொடுத்தார்.

"பார்க்கப் போன வருஷத்து மாடல் மாதிரியே இருக்கும். இடது ஷூ பழைய மாதிரிதான். வலது ஷூல குதிகாலுக்குப் பின்னாடி உள்ளே வைக்கற அட்டையை மட்டும் மாத்தியிருக்கோம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதான்னு பார்க்கணும். நாக்கைத் தூக்கிப் பாரு."

லேஸுக்குக் கீழே இருந்த ஷூவின் நாக்குக்கு அடியில் பச்சை மையில் பதினான்கு என்று எழுதியிருந்தது.

"தெனமும் போடறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் பார்த்துட்டுப் போடு. தெனமும் அஞ்சுக்கு எத்தனை மார்க்குன்னு எழுது. இன்னியிலிருந்து மூணாவது புதன்கிழமை டைரி என் மேஜைக்கு வந்தாகணும். கடிச்சா உடனே கொண்டாந்து குடுத்துடணும். ட்ரயல் அதோட நின்னுடும், அதுவரைக்கும் நடந்த மணிக்குக் காசு. புரியுதா?"

ஹெலனுக்குக் கடைசி வாக்கியம் நன்றாகப் புரிந்தது. கடித்தால் காசு நின்றுவிடும். இது ஒன்றைத்தான் அவள் அன்றைக்கு மனதில் வாங்கிக்கொண்டாள். நம்பரைப் பார்ப்பதெல்லாம் காதோடு போய்விட்டது.

முதல் மூன்று நாள் ஹெலனைப் போல நடந்தவர்கள் ஆம்பூரில் இருக்க மாட்டார்கள். பால் வாங்க நடந்தாள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பால் வாங்க நடந்தாள். ஓடும் ரயிலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சஹர் சொன்னாள், "உக்காருடி, பேஜாரா இருக்கு. டிக்கெட் பரிசோதகர்னு நெனச்சு எல்லாரும் சீசனை எடுத்துக் காட்றாங்க." மூன்று நாளில் பதினெட்டு மணி நேரம் சேர்ந்தது. உட்கார்ந்த இடத்தில் இத்தனை பெரிய உத்தியோகம் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தாள், உட்காரவே இல்லை என்பதை மறந்து.

நாலாம் நாள் கடித்தது.

வலது குதிகாலின் பின்பக்கம். முதலில் சுருக் என்று ஓர் உறுத்தல். சாயங்காலம் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் நகக்கண் அளவுக்குத் தோல் வழன்றிருந்தது. ஹெலன் டைரியைத் திறந்தாள். கால் படம் ஒன்று போட்டு, வலிக்கும் இடத்தில் வட்டம் போடவும் என்று அச்சடித்திருந்தது. பேனா அந்தக் குதிகாலுக்கு மேலே வெகுநேரம் நின்றது. பதினெட்டு மணிக்கு எண்ணூற்றுப் பத்து ரூபாய். எண்ணூற்றுப் பத்தில் மைசூர் அரண்மனையின் வாசற்படியைக்கூடப் பார்க்க முடியாது.

"ஏம்மா, புது ஷூ கடிக்குமா?" என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஷூன்னா மொதல்ல கடிக்கத்தான் கடிக்கும்," என்றாள் மரியம்மாள் வெங்காயம் நறுக்கியபடி. "கால்தான் பழகிக்கணும்."

ஆகக் குற்றம் காலுடையது என்று ஆகிவிட்டது. ஹெலன் வட்டம் போடவில்லை. ஐந்துக்கு ஐந்து என்று எழுதினாள். மறுநாள் ஒரு பிளாஸ்திரி, அதற்கு மறுநாள் பிளாஸ்திரிக்கு மேல் பஞ்சு. நடையில் ஒரு சின்னச் சாய்வு வந்தது. சஹர் கேட்டதற்குச் சுளுக்கு என்றாள். டைரியில் மட்டும் ஐந்து, ஐந்து, ஐந்து.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சஹரின் அண்ணன் காஷிஃபுக்குக் கல்யாணம். நிக்காஹ் மசூதியில், விருந்து பைபாஸ் மண்டபத்தில். ஹெலன் பட்டுப் பாவாடைக்குக் கீழே கறுப்பு ஷூவோடு வந்து இறங்கினாள். கல்யாண வீட்டில் ஓடியாடினால் ஆறு மணி நேரம் தேறுமே. பெண்கள் பகுதியில் முழுக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போகட்டும், பிரியாணியும் கத்திரிக்காயும் வெறுங்காலோடும் இறங்கும்தானே. இறங்கியது, இரண்டு தடவை.

திரும்பி வரும்போது படிக்கட்டு முழுக்கச் செருப்பு மலை. இந்த ஊரில் ஒரு விசேஷம் உண்டு. ஏற்றுமதிக்குத் தைத்ததில் சின்னக் குறை என்று ஒதுக்கியவை பைபாஸ் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வரும். ஒரு மாடல் வந்துவிட்டால் ஊர் முழுக்க அதே மாடல்தான். ஜெர்மனிக்காரி ஒருத்தி பல நாள் யோசித்து வாங்குகிற ஷூவை இங்கே அக்காவும் தங்கையும் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவார்கள். போன வருடத்துக் கறுப்பு லேஸ் ஷூ அந்தப் படிக்கட்டிலேயே மூன்று ஜோடி கிடந்தது. ஹெலன் முப்பத்தேழைத் தேடி, கால் நுழைந்ததை மாட்டிக்கொண்டு, சஹர் கொடுத்தனுப்பிய மக்கன் பேடா இனிப்புப் பொட்டலத்தோடு ஆட்டோ ஏறினாள். நாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஓர் அதிசயம். ஷூ கடிக்கவில்லை.

செவ்வாயும் கடிக்கவில்லை. புதன்கிழமை பிளாஸ்திரியைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். அம்மா சொன்னது சரிதான், கால் பழகிவிட்டது. அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று இருந்தது. இப்போது ஐந்துக்கு ஐந்து என்று எழுதும்போது கை கூசவில்லை. பொய் தானாகவே உண்மையாகிவிட்டதே, இனி யாருக்கு என்ன நஷ்டம்? வியாழக்கிழமை இரவு கணக்கு எண்பத்து நாலு மணி நேரத்தைத் தொட்டது. ஹெலன் செல்போனில் மைசூர் அரண்மனைக்கு விளக்குப் போடும் நேரத்தைத் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில், மேல்பட்டி தாண்டியதும், சஹர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"எங்க ஷஹீன் ஆபா பாவம்டி. அஞ்சு நாளா நொண்டிக்கினு டூட்டிக்குப் போறாங்க." ஆபா என்றால் அக்கா. ஷஹீன் பானு சஹரின் பெரியப்பா மகள், வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணத்துக்கு டூட்டியிலிருந்து நேராக வந்தவள்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"ஷூ கடிக்குதாம். ஒரு வருஷமாப் போட்டுக்கினு இருக்கற ஷூ, திடீர்னு கடிக்குதாம். அதுவும் வலது கால் மட்டும். கேட்டா சிரிப்பு வருது இல்ல?"

ஹெலனுக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து, வலது ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை மை இல்லை. இடது நாக்கையும் தூக்கினாள். அங்கேயும் இல்லை. பாதி வண்டி தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் சஹர் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி விட்டதும் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம் ஹெலன் மனதுக்குள் ஒரு திட்டம் ஓடியது. மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். இன்னும் பதினாறு மணி நேரம்தான். இரண்டு பிளாஸ்திரி கூடப் போட்டால் புதன்கிழமைக்குள் முடிந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஷஹீன் பானு மாடிப்படி அருகே வந்து நின்றாள். முப்பத்திரண்டு வயது, சிரித்த முகம். வலது காலில் ஷூவைப் பாதி மிதித்துப் போட்டிருந்தாள். குதிகாலில் துணிக்கட்டு. விஷயத்தைக் கேட்டதும் சத்தமாகச் சிரித்தாள்.

"கல்யாணத்துல மாத்திக்கினோமா? எனக்குத் தோணவே இல்ல பாரு. நான் என் காலைத் திட்டிக்கினு இருந்தேன்." இருவரும் அங்கேயே உட்கார்ந்து ஷூவை மாற்றிக்கொண்டார்கள். பச்சை மைப் பதினான்கு பத்திரமாக இருந்தது. உள்பக்கத் துணியில் காய்ந்த ரத்தம் திட்டாகப் படிந்திருந்தது.

"ஆமா, உனக்கு இது கடிக்கலையா?" என்று கேட்டாள் ஷஹீன் பானு.

"இல்லக்கா," என்றாள் ஹெலன். பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

ஷஹீன் பானுவின் சிரிப்பு மெல்லக் கம்மியானது. "அப்போ ஷூ மேல தப்பில்ல. என் கால்தான். அஞ்சு நாளா இந்தப் புண்ணு ஆறவே மாட்டேங்குது. எங்கம்மாவுக்கு இப்படித்தான் கால்ல ஆரம்பிச்சுது. நாளைக்கு டூட்டிக்கு முன்னாடி சுகர் பார்த்துடணும்." சொல்லிவிட்டு, யாரோ கூப்பிடவே, தன் சொந்த ஷூவில் நொண்டிக்கொண்டே வார்டுக்குள் போனாள்.

திரும்பும் ரயிலில் ஹெலனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தான் டைரியில் போடாத வட்டம் இன்னொருத்தியின் காலில் விழுந்துவிட்டது. அவள் ஐந்து நாள் மாடி ஏறி இறங்கி, தன் உடம்புக்கே ஏதோ வந்துவிட்டது என்று பயந்துகொண்டிருக்கிறாள். ஆம்பூர் வரும்போது சஹர் கேட்டாள், "அன்னிக்குச் சுளுக்குன்னு சொன்னியே, அது சுளுக்கா?" ஹெலன் ஜன்னலைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ஷபீ அஹமதின் மேஜை மேல் ஷூவையும் டைரியையும் வைத்தாள். ஷூ மாறிப்போன கதையைச் சொன்னாள். அவர் முகம் கடுகடுத்தது.

"நம்பரைப் பார்த்துட்டுப் போடுன்னு சொன்னேன் இல்ல? இருபது வருஷ சர்வீஸ்ல கல்யாண வீட்ல ட்ரயலைத் தொலைச்ச ஆளு நீதான்." ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவினார். ரத்தத் திட்டைப் பார்த்தார். பிறகு டைரியைப் புரட்டினார். "சரி, கல்யாணத்துக்கு முன்னாடி அறுபது மணி நேரம். எல்லாத்துலயும் அஞ்சு. நீதான் எங்க சாம்பிள் கால், நீ சொல்றதுதான் கணக்கு. அந்த நர்ஸம்மா கால் வாகு வேற மாதிரி இருக்கும், அதான் கடிச்சிருக்கு. அதை விட்டுடலாம். அறுபது மணிக்கு ரெண்டாயிரத்து எழுநூறு, போய்க் கேஷியர்கிட்ட வாங்கிக்க. அட்டை சரியா இருக்குன்னு நான் எழுதி அனுப்பிடறேன்."

இரண்டாயிரத்து எழுநூறு. மீதியை அம்மாவிடம் கெஞ்சினால் தேறும். ஹெலனுக்கு மைசூர் அரண்மனையின் விளக்குகள் ஒருமுறை பளிச்சென்று எரிந்தன. அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

ஹெலன் குனிந்து வலது செருப்பைக் கழற்றினாள். திரும்பி நின்று குதிகாலைக் காட்டினாள். ஆறி உரிந்துகொண்டிருந்த புண், இளஞ்சிவப்பாக, நாலணா அகலத்துக்கு.

"எனக்கும் கடிச்சுது சார். நாலாம் நாளே கடிச்சுது. ட்ரயல் நின்னுடும்னு எழுதல. அந்த அக்கா கால்ல ஒரு தப்பும் இல்ல."

ஷபீ அஹமது அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"கடிக்கலைன்னு எழுதறதுக்குக் கால் எதுக்கும்மா? கால் மாதிரி செஞ்ச பிளாஸ்டிக் அச்சு போதுமே. அது எந்த ஷூ போட்டாலும் கடிக்குதுன்னு சொல்லாது. சம்பளமும் கேக்காது." குரலில் கோபத்தைவிடச் சலிப்பு ஜாஸ்தியாக இருந்தது. "இதை நம்பி இருபதாயிரம் ஜோடி தைச்சிருப்பேன். உங்கம்மாவும் உக்காந்து தைச்சிருப்பாங்க."

ஹெலன் அழவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்தாள். "கடிச்சா காசு நின்னுடும்னா, சார்," என்று தொடங்கினாள். சாக்குச் சொல்வதுபோல் பட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் அந்தப் பாதி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். மூன்று வருடத்து ட்ரயல் டைரிகள். ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஐந்து. இன்னொன்று. ஐந்து. நாலைந்து டைரிகளைத் தாண்டியபின் புரட்டும் வேகம் கம்மியானது. ஒருவர் மட்டும் எங்கோ ஒருநாள் நாலு போட்டிருந்தார், அதையும் அடித்துவிட்டு ஐந்தாக்கியிருந்தார். அலமாரியைச் சாத்திவிட்டு அப்படியே நின்றார். கடித்தால் காசு நின்றுவிடும் என்ற விதியைப் போட்டவர் அவர்தான்.

"உனக்குப் பதினெட்டு மணி நேரக் காசுதான்," என்றார் திரும்பாமலே. "எண்ணூத்திப் பத்து. அதுக்கப்புறம் எழுதினது எதுக்கும் காசு கிடையாது."

"சரி சார்."

"வியாழக்கிழமை வா. அட்டையை மாத்தி வேற ஜோடி குடுக்கறேன். இனிமே கடிச்சாலும் நூறு மணிக்குக் காசு உண்டு, கடிக்கலைன்னாலும் உண்டு. கடிச்சா வேற ஷூ மாத்திக் குடுப்போம். ஆனா காசு எல்லாம் முடிஞ்ச பிறகுதான்." இவ்வளவையும் அவர் சுவரைப் பார்த்தே சொன்னார். "உன்னை நம்பி ஒண்ணும் கூப்பிடல. அந்த மேற்பாத உயரம் ஊர்ல வேற யாருக்கும் இல்ல."

வெளியே வந்த ஹெலன் முதல் வேலையாக ஷஹீன் பானுவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். கடைசியில், "சுகர் டெஸ்டெல்லாம் வேணாங்கா, ஷூதான் தப்பு," என்றாள்.

"ரத்தம் குடுத்துட்டேன்டி," என்றாள் ஷஹீன் பானு. "நார்மல்தான். நேத்து ராத்திரி பூரா தூக்கம் போச்சு, அதை யாரு குடுப்பா?" கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பிறகு ஒரு மணி நேரம் கழித்து, கட்டுப் பிரித்த தன் குதிகாலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே, 'பிளாஸ்திரி செலவு உன்னுது' என்று ஒரு வரி. அதைப் பார்த்தபிறகுதான் ஹெலனுக்கு அன்றைய சாப்பாடு இறங்கியது.

அம்மாவிடம் சொல்வது மட்டும் கஷ்டமாக இருந்தது. மரியம்மாள் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. தன் ஃபேக்டரி ஷூவைக் கழற்றி, தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு வருடத்துக் காய்ப்பு அங்கே கல் மாதிரி இருந்தது. "கால்தான் பழகிக்கணும்னு சொன்னது நான்தான் இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

மைசூர்ப் பயணம் அடுத்த சனிக்கிழமை. பணத்தைப் பகிர்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று சஹர் சொல்லிப் பார்த்தாள். ஹெலன் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணூற்றுப் பத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் வருகிறேன் என்றாள். அப்படி அவளுடைய மைசூர் பெங்களூரோடு நின்றது. காலை ரயிலில் நால்வரும் ஏறினார்கள். ஜோலார்பேட்டை தாண்டியதும் மலையும் பாறையும் வந்தன, பேச்சும் பழையபடி வந்தது. பெங்களூரில் மற்ற மூவரும் மைசூர் வண்டிக்கு மாறினார்கள். சஹர் ஜன்னலில் தலையை நீட்டி, "சாயங்கால வண்டியை வுட்டுடாதே. போன் பண்ணு," என்று அம்மாவைப்போல் அதட்டினாள். வண்டி போயிற்று.

பிளாட்பாரத்தில் ஹெலன் தனியாக நின்றாள். தெரியாத ஊர், புரியாத பாஷை, சாயங்காலம் வரை ஏழு மணி நேரம், பையில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய், காலில் புது ஜோடி. நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை மையில் பதினைந்து. காலையிலிருந்து இது நாலாவது தடவை. பயமும் வந்தது, கூடவே என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு குஷியும் வந்தது. தோழிகளை நினைத்துக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

நடந்தாள். தப்பான பஸ்ஸில் ஏறி இறங்கினாள். பெரிய மரங்கள் இருந்த ஒரு பூங்காவை இரண்டு முறை சுற்றினாள். ஊரில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் டீக்கு நாற்பது ரூபாய் கொடுத்து, அந்த அநியாயத்தை ரசித்து ரசித்துக் குடித்தாள். மாலில் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்த கறுப்பு லேஸ் ஷூ ஒன்றைப் பார்த்தாள். விலை எட்டாயிரத்துச் சொச்சம். தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தாள், அம்மாவுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, என் நம்பர் முப்பத்தேழு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் பையிலிருந்து புது டைரியை எடுத்து முழங்கால் மேல் வைத்தாள். தேதி, மணி, தரை என்று எல்லாவற்றையும் நிரப்பினாள். பிறகு கால் படத்துக்கு வந்தாள். குதிகால் சுகமாக இருந்தது. இடது சுண்டுவிரலில் மட்டும், மாலின் படிகளில் இறங்கும்போது, லேசாக ஒரு பிடிப்பு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, நாளைக்குள் மறைந்தும் போகலாம்.

வண்டி ஆடிய ஆட்டத்தில் வட்டம் கோணலாக விழுந்தது. பக்கத்தில் எழுதினாள்: 'இடது சுண்டுவிரல். ஏழாவது மணி. ஐந்துக்கு மூன்று.'